கெண்டைக்கால் வீக்கமும் பொம்மிடி அண்ணியின் வைத்தியமும்

ஜூலை 9, வெள்ளி

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. மாடிக் கொடியிலிருந்து எடுத்து ஹாலில் நாற்காலி முதுகுகளில் போட்டாயிற்று. வீடு முழுக்க ஈர வாடை.

ஆபீசில் கூட்டம். கரண்ட் பில் கவுண்ட்டரில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு மனித ஜாதி மேல் மரியாதை மிச்சம் இருக்காது. இன்றைக்கு ஒருவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, கண்ணாடிக்குக் கீழே உள்ள சந்தில் வாயை வைத்து, "மாஸ்க் போட்டா காது கேக்க மாட்டேங்குதுங்க மேடம்" என்றார். பேசியது அவர். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாங்க: து.பருப்பு, ந.எண்ணெய், கொசுவத்தி, பினாயில்.

வீட்டுக்காரர் காலையில் நொண்டினார். வலது கால். கேட்டால், "படி எறங்கறப்ப சுளுக்கிக்கிச்சு" என்கிறார். எந்தப் படி, எப்போது என்றால் பேப்பரை விரிக்கிறார். போன மாதம் கொரோனா வந்து தர்மபுரியில் ஆக்சிஜன் வைத்துப் படுத்து எழுந்தவர். திரும்பி வந்த நாளிலிருந்து கட்டில், அதை விட்டால் கீழே எங்கள் உரக்கடை நாற்காலி. சுளுக்கிக்கொள்ள என்ன சிலம்பம் சுற்றினார்?

சாயங்காலம் அலமாரி துடைத்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்து அனுப்பிய மாத்திரை, ரத்தம் உறையாமல் இருப்பதற்கானது, பாதிக்கு மேல் அட்டையிலேயே இருக்கிறது. அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன்.

"பல்லு வெளக்கறப்ப ரத்தம் வந்துச்சு. நிறுத்திட்டேன்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"எதுக்கு? டோஸ் ஓவர் ஆனா செடியே கருகிடும். எனக்குத் தெரியாததா?"

கத்தரிக்கும் தக்காளிக்கும் மருந்து சொல்லிச் சொல்லி, கடைசியில் தன்னையும் நாற்றோடு சேர்த்துக்கொண்டார். மாத்திரைக்குப் பதிலாகப் பூண்டு. பச்சைப் பூண்டு, வெந்நீரில் நசுக்கிப் போட்டு, தினம் காலையில். அந்த வாய் நாற்றத்துக்குக் காரணம் இதுதானா? நான் அதையும் கொரோனா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, ஞாயிறு

வெயில். துணி காய்ந்தது. ஒரு நல்ல காரியம்.

பொம்மிடி அண்ணி வந்தாயிற்று. அவருடைய அக்கா. இனி இதில் பொ.அ. அவளுக்காக முழுப் பெயர் எழுதி மையை வீணாக்குவதாக இல்லை. பஸ் விட ஆரம்பித்ததும் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள் போலிருக்கிறது. தம்பி மூச்சுக்குத் தவித்தபோது போனில்கூடக் குரல் சன்னமாக இருந்தது, எங்கே போன் வழியாக ஒட்டிக்கொள்ளுமோ என்பதுபோல. இப்போது கொய்யாப்பழத்தோடு வந்திருக்கிறாள்.

அவர் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்து ஆராய்ச்சி. கெண்டைக்கால் இடது காலைவிட நன்றாகப் பெருத்திருக்கிறது. தோல் பளபளவென்று. நானும் கை வைத்துப் பார்த்தேன், சூடு. அந்த ஒரு இடத்தில் மட்டும் காய்ச்சல் அடிப்பதுபோல.

பொ.அ.: "நரம்பு சுருட்டிக்கிச்சு. உருவி விட்டா ஓடிப் போயிரும்."

நான்: "ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு அண்ணி. கொரோனா வந்த ஒடம்பு. ஆஸ்பத்திரில காட்டணும்."

பொ.அ.: "கொரோனா நெஞ்சுல வர்றது. காலு எங்க, நெஞ்சு எங்க? நீ ஆபீஸ் போறவ, உனக்கு எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரிதான்."

அவர் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினார். கடைக்கு வரும் விவசாயிகளிடம் "இலையைப் பறிச்சுட்டு வா, பார்க்காம மருந்து குடுக்க மாட்டேன்" என்று அதட்டுகிற அதே வாய்தான். இலைக்கு இருக்கும் மரியாதை தன் காலுக்கு இல்லை.

மதியம் கோழி. பொ.அ. மூன்று முறை போட்டுக்கொண்டாள்.

ஜூலை 12, திங்கள்

ஓசூரிலிருந்து பவி போன். கால் விஷயம் சொன்னேன். "அம்மா, கொரோனா வந்தவங்களுக்கு ரத்தக் கட்டி வருதாம், ஒடனே ஸ்கேன் எடுக்கச் சொல்லு" என்றாள். அப்பாவிடம் கொடு என்றாள். கொடுத்தேன். அவர் எடுத்த எடுப்பில் "நீ நெட்ட பாத்து டாக்டர் ஆகாத" என்று சொல்லி வைத்துவிட்டார். இவர் வாட்ஸ்அப் பார்த்து டாக்டர் ஆனவர்.

நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மூன்றாவது தடவை எடுத்தார்கள். ஒரு நர்ஸ். பெயர், எப்போது டிஸ்சார்ஜ், எந்தக் கால், சூடு இருக்கிறதா என்று கேட்டாள். மாத்திரையை நிறுத்திவிட்டார் என்றதும் பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுக் கேட்டாள். பிறகு, "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம். அதுவரைக்கும் காலை அமுக்கறது, தேய்க்கறது எதுவும் வேணாம்."

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்து இதை அப்படியே சொன்னேன். வார்த்தை மாற்றாமல். பொ.அ.வும் இருந்தாள்.

அவர்: "அங்க போய் வரிசைல நின்னா மறுபடி கொரோனா வரும். போன தடவ உள்ள போனப்ப பக்கத்துப் பெட்டு காலியாச்சு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ரசம் ஊற்றினேன்.

புதன்கிழமை லீவு எடுத்து இழுத்துக்கொண்டாவது போவது என்று முடிவு. நாளைக்கு வசூல் கடைசி நாள், லீவு கேட்டால் எங்கள் இன்ஜினியர் ஏ.இ. முகத்தைப் பார்க்க முடியாது.

ஜூலை 13, செவ்வாய்

எழுதக் கை வரவில்லை, கோபம்.

ஆறரை மணிக்கு வீடு வந்தால் படியிலேயே விளக்கெண்ணெய் வாடை. உள்ளே ஹாலில் பாய். பாயில் அவர், லுங்கியைத் தொடை வரை ஏற்றிக்கொண்டு. கால் முழுக்க எண்ணெய். எதிரே ஓர் ஆள் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாதையன். பொம்மிடிப் பக்கம் சுளுக்கு எடுக்கிறவர். முன்னாடி லாரி ஓட்டியவராம். பொ.அ. நேற்று ராத்திரியே போன் பண்ணி வரவழைத்திருக்கிறாள், நான் கவுண்ட்டரில் மாட்டிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. என் வேலை நேரம் இவ்வளவு நன்றாக அவளுக்குத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது.

மாதையன் இரட்டைப் பிறவியாம். இரட்டைப் பிறவி கை வைத்தால் சுளுக்கு நிற்காதாம். இன்னொரு பிறவி எங்கே என்று கேட்டேன். "கோயமுத்தூர்ல பேக்கரி வச்சிருக்கானுங்க." அங்கே பன் எல்லாம் சுளுக்கு இல்லாமல் இருக்கும்.

"தேய்க்கக் கூடாதுன்னு நர்ஸ் சொன்னாங்களே. நேத்து இங்க ஒக்காந்துதானே சொன்னேன்?"

பொ.அ.: "நர்ஸுக்கு என்னா தெரியும்?"

மாதையன் மரியாதையானவர், அதை மறுக்க முடியாது. எழுந்து நின்றுதான் பேசினார். "பயப்படாதீங்கம்மா. கணுக்கால்லேர்ந்து மேல முட்டி வரைக்கும் அழுத்தி உருவியிருக்கேன். கெண்டையில முடிச்சு மாதிரி ஒண்ணு தட்டுப்பட்டுது. அதை நல்லா நசுக்கிக் கலைச்சு விட்டிருக்கேன்."

முடிச்சைக் கலைத்துவிட்டாராம். அது ஏன் கூடாது என்று விளக்க எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் வேண்டாம் என்றாள், அவ்வளவுதான் தெரியும்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்குடி" என்றார்.

தோசை வார்த்து வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். நான்காவது தோசை கேட்டு பொ.அ. கீழேயிருந்து கூப்பிட்டாள். மாவு தீர்ந்தது என்றேன். தீரவில்லை.

ஜூலை 14, புதன்

லீவு சொல்லியாயிற்று. கார் பேசியாயிற்று. காலையில் எழுப்பப் போனால், இவர் எழுந்து நின்று நடந்து காட்டுகிறார். ஹாலில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. நொண்டல் குறைந்திருக்கிறது. கெண்டைக்கால் வீக்கமும் குறைந்திருக்கிறது. நான் பார்த்தேன், தொட்டும் பார்த்தேன். பொய் இல்லை.

பொ.அ. முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"ஸ்கேனு, ஊசின்னு எத்தன ஆயிரம் புடுங்கியிருப்பான். ஒரு படி எண்ணெயில முடிஞ்சுது."

ஒரு படி எண்ணெய் இல்லை, கால் லிட்டர். அதுவும் என் எண்ணெய்.

காரை வேண்டாம் என்று சொன்னேன். ஆமாம், நான்தான் சொன்னேன். கால் குறைந்துவிட்டதே, இவர்கள் சொன்னதுதான் சரியோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நர்ஸ் பார்க்காமல் சொன்னவள், இந்த ஆள் தொட்டுப் பார்த்தவர் என்றுகூட மனசு ஒரு வக்கீல் மாதிரி பேசியது. மதியம் மாதையன் இன்னொரு தடவை உருவ வந்தார். காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை தூக்கலாகக் கேட்டார், போட்டேன்.

அவர் கீழே கடையில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் லுங்கியைத் தூக்கிக் காலைக் காட்டிக்கொண்டிருந்தார். மேலே ஜன்னல் வரை கேட்டது. "இங்கிலீஷ் மருந்து ஒரு பக்கம், நம்ம ஆளு கை ஒரு பக்கம்." யூரியா வாங்க வந்தவன் அதற்கும் தலையாட்டினான். கடன் சொல்ல வந்தவனாக இருக்கும்.

ஜூலை 17, சனி

ஆடி ஒண்ணு. தேங்காய் சுடுகிற நாள். பொ.அ. இதற்காகவே தங்கிவிட்டாள்.

வாங்கியது: தேங்காய் நாலு, வெல்லம், எள்ளு, அவல், பொட்டுக்கடலை, பச்சைப் பயறு. சுடுவதற்கு நீளக் குச்சி தெருமுனையில் விற்றார்கள். தேங்காய் நாரைத் தேய்த்து, கண்ணைத் தோண்டி, தண்ணீரைப் பாதி எடுத்து, உள்ளே எல்லாம் போட்டுக் குச்சி சொருகி மஞ்சள் பூசி வைத்தேன். நாலும் நான்தான். பொ.அ. மேற்பார்வை.

சாயங்காலம் தெரு முழுக்க நெருப்பு. எல்லா வீட்டு வாசலிலும் குச்சியைப் பிடித்துக்கொண்டு ஜனங்கள். போன வருஷம் எல்லோரும் கதவை மூடிக்கொண்டிருந்தோம். எனக்கும் பிடித்திருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவர் குத்துக்காலிட்டு நெருப்பு முன் உட்கார்ந்தார். ஓடு வெடிக்கிற நேரத்தில் குச்சியை என்னிடம் நீட்டினார். "புடி" என்று சொல்ல வாய் திறந்தார், சொல்ல முடியவில்லை. மூச்சு வாங்கியது. முகம் வேர்த்து, உதடு ஒரு மாதிரி சாம்பலாக. நெஞ்சில் குத்துகிறது என்று கையால் காட்டினார்.

பொ.அ.: "பொகை. பொகைதான். உள்ள வந்து சோடா குடி, கேஸ் எறங்கிரும்."

உள்ளே கூட்டிப் போய் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டினேன். 84.

"பேட்டரி போயிருக்கும்" என்றார், மூச்சுக்கு நடுவில், வார்த்தை வார்த்தையாக. அந்த நிலையிலும் மெஷின்தான் தப்பு.

கழற்றி பொ.அ. விரலில் மாட்டினேன். 98. மறுபடி அவர் விரல். 83.

"அவங்க வெரல்ல மட்டும் பேட்டரி வந்துருச்சா?"

ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். பொ.அ. கதவருகில் நின்று, "ஆடி ஒண்ணாந்தேதி வூட்ட விட்டு ஆஸ்பத்திரிக்கா? காலைல போலாமே" என்றாள். சொன்னாள், சத்தியமாக இதைத்தான் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளை "நகரு" என்றேன். அண்ணி என்று சேர்க்கவில்லை. நகர்ந்தாள்.

வண்டியில் ஆக்சிஜன் வைத்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய்ப் பிசுக்கு இன்னும் இருந்தது அந்தக் காலில். அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

ஜூலை 18, ஞாயிறு. தர்மபுரி

ஆஸ்பத்திரி வராண்டா. மழை. பெஞ்ச் நனைகிறது.

ராத்திரியே மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு. கெட்டியான ரத்தம். கால் ஸ்கேனில் கெண்டையில் அதன் மிச்சம். தொப்புளைச் சுற்றி ஊசி போடுகிறார்கள். ஐ.சி.யூ.வில் இருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். பார்த்தேன். காலை ஆட்டாமல் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள் போல, கட்டை மாதிரி படுத்திருக்கிறார். சொன்ன பேச்சைக் கேட்கிறார். இதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

டூட்டி டாக்டர் சின்னப் பெண். பவியைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். "கால்ல ஏதாவது மசாஜ் பண்ணீங்களா?" என்று கேட்டாள். நான் சொல்லிவிட்டேன். ரெண்டு நாள், எண்ணெய் போட்டு, முடிச்சை நசுக்கி. அவள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வீக்கம் குறைஞ்சுதே டாக்டர். வலியும் போச்சே" என்றேன். என் வாயில் இருந்து வந்தது பொ.அ.வின் குரல்.

"கட்டி கால விட்டுக் கெளம்பிட்டா அங்க வலி கொறையலாம்மா. உருவினதாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன், தானாவும் நகரும். ஆனா தொட்டிருக்கவே கூடாது. மாத்திரையையும் நிறுத்தியிருக்கக் கூடாது."

அப்படியென்றால் புதன்கிழமை ஹாலில் நடந்து காட்டியபோது அது ஏற்கனவே புறப்பட்டிருக்கலாம். நான் காபிக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தேன். தெருவுக்கெல்லாம் காலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார் அவர்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த மனுஷனோடு சேர்ந்து சிரித்தது எப்போது என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. போய்விடாதே என்று மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. போய்விடாதே, மடையா.

ஜூலை 21, புதன்

ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றினார்கள். கஞ்சி குடித்தார். உப்பு இல்லை என்று சொன்னார். பிழைத்துவிட்டார் என்று அதில் தெரிந்தது.

டாக்டர் பெண் ரவுண்ட்ஸ் வந்தாள். இவர் கேட்டார்: "நெஞ்சுல வந்த நோய் கால்ல எப்பிடிங்க?"

"நெஞ்சுல மட்டும் வர்ற நோய்ன்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க சார். ஒடம்பு முழுக்க ரத்தக்குழாய் ஓடுது. அதோட உள் பக்கம் வழவழன்னு ஒரு மெல்லிசு தோல் இருக்கு. கொரோனா வந்தா அது பல பேருக்குப் புண்ணாயிடுது. புண்ணான எடத்துல ரத்தம் ஒட்டி உறையும். நீங்க வேற நடக்காமப் படுத்தே இருந்தீங்க, கால்ல ரத்த ஓட்டம் மந்தமா இருந்திருக்கும்."

இவர் யோசித்தார். "சொட்டு நீர்க் குழாயில உப்பு அடைக்கும் பாருங்க, அது மாதிரியா?"

"உப்பு தண்ணியில இருந்து வர்றது. இங்க குழாயே கெட்டுப்போகுது. உப்புன்னா ஆசிட் விட்டுக் கழுவிடுவீங்க. இதக் கழுவ முடியாது, தானா ஆறணும். ஆறுற வரைக்கும் ரத்தம் உறையாமப் பாத்துக்கறதுதான் அந்த மாத்திரை."

"பல்லுல ரத்தம் வந்துச்சே."

"வந்தா எங்ககிட்ட கேக்கணும். பூண்டுகிட்ட இல்ல."

பக்கத்துப் பெட்டுக்காரர்கூடச் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. குழாயில் ஆள் மாட்டிக்கொண்டார். இன்றைக்கு முழுக்கக் கையால் தொடையில் கோடு கோடாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் காதில் ஏறவில்லை, தோட்டத்துக் குழாய் என்றதும் ஏறுகிறது.

வாங்க: பேஸ்ட், சின்ன டவல், ஃபிளாஸ்க் மூடி.

ஜூலை 29, வியாழன்

வீடு. அரூர் வெயில் கொளுத்துகிறது, ஆடிக் காற்றும் மண்ணும். தரையைக் கூட்டி மாளவில்லை.

மாத்திரை காலை, ராத்திரி. நானே கையில் வைத்து, வாயில் போட்டு, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்க்கிறேன். காட்டுகிறார். பிரஷ் மெத்தென்று ஒன்று வாங்கிக் கொடுத்தாயிற்று.

பொ.அ. மறுபடி ஆஜர். கதை தயாராக வந்திருக்கிறாள். வாசலில் பக்கத்து வீட்டு அம்மாவிடம்: "காலு மாதையன் கையில அன்னிக்கே சரியாயிருச்சு. இது நெஞ்சு. தேங்கா சுட்ட பொகை ஒத்துக்கல. காலு வேற, நெஞ்சு வேற." பக்கத்து வீட்டு அம்மா, "ஆமாங்க, பொகை ஆவாதுங்க" என்கிறாள். இந்தத் தெருவில் யாருக்கும் எதையும் மறுக்கத் தெம்பில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று. கடைப் பையன் வராததால் சாயங்காலம் இவருக்குத் தண்ணீர் கொண்டு போனேன். யாரோ விசாரிக்கிறார்கள். இவர் சொல்கிறார்: "காலு ஒண்ணும் இல்லீங்க, அது அன்னைக்கே போயிருச்சு. நெஞ்சுல கொஞ்சம் சளி." சளியாம். ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து டாக்டர் பெண் விரல் வைத்துக் காட்டினாளே, அதைப் பார்த்த ஆள். அக்கா தலை குனியக் கூடாது, தான் மடையன் ஆகக் கூடாது. அதற்காகச் சளி. தண்ணீரை டக்கென்று வைத்துவிட்டு வந்தேன். சிந்தியது, துடைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, செவ்வாய். தர்மபுரி

ஸ்கேன் அறை வாசல். பர்ஸில் கிடந்த பழைய பஸ் டிக்கெட் பின்னால் ஆரம்பித்து, கடையில் நோட்டு வாங்கி எழுதுகிறேன்.

இன்றைக்கு ஆடிப் பதினெட்டு. ஆற்றுக்கு யாரும் போகவில்லை. வீட்டிலேயே குழாய்த் தண்ணீருக்குப் பூப் போட்டுக் கும்பிட்டோம். எலுமிச்சை சாதம், புளி சாதம், வடை. பத்து மணி வாக்கில் கீழே கடையில் பேச்சுக்குரல். மாதையன். இவரைப் பார்க்க வந்திருக்கிறார், ஒரு முழு பப்பாளியோடு. பொ.அ. நாற்காலி எடுத்துப் போட்டாள். உரம் வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

பொ.அ. அவர்களிடம், "இவருதான். தம்பி காலச் சரி பண்ணவரு" என்றாள்.

மாதையன் கூச்சப்பட்டார். பேச்சோடு பேச்சாக, "வூட்ல அவளுக்கும் அதே மாதிரிங்க. என் சம்சாரம் சின்னப்பாப்பாவுக்கு. காச்சல் வந்து போய் மூணு வாரம் இருக்கும், எடது கெண்டை வீங்கிக்கிச்சு. ஒரு கை பாத்திருக்கேன். சாயங்காலம் இன்னொரு தரம் உருவணும்" என்றார்.

வடைத் தட்டோடு நின்றிருந்தேன். "தொடாதீங்க" என்றேன். "ரத்தம் உறைஞ்சிருக்கும். ஸ்கேன் எடுங்க மொதல்ல."

மாதையன் சிரித்தார், பெண்பிள்ளை பயம் என்பதுபோல, மரியாதையாகத்தான். "அம்மா அன்னிக்கும் இதத்தானே சொன்னீங்க. சார் காலு சரியாகலையா? சாரே சொல்லட்டும்."

எல்லோரும் இவரைப் பார்த்தார்கள். பொ.அ., "சொல்லு தம்பி" என்றாள்.

நான் இவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தேன். சளி என்று சொல்லப் போகிறார், நான் இந்தத் தட்டை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

நாற்காலி நகரும் சத்தம். பிறகு இவர் குரல், கடைக் குரல் இல்லை, ஐ.சி.யூ.விலிருந்து வந்த அன்றைய குரல்.

"கால் சரியாகலீங்க. அந்தக் கட்டிதான் நெஞ்சுக்குப் போயிருச்சு. செத்துப் பொழைச்சேன். சளின்னு சொன்னேன் பாருங்க எல்லார்கிட்டயும், அது பொய். மாத்திரைய நிறுத்துனது நானு. உருவச் சொல்லிக் காலக் குடுத்ததும் நானு. இவ வேணாம்னு சொன்னா, கேக்கல. நீங்க கேளுங்க."

பொ.அ. வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு அக்கா" என்றார். அக்காவிடம் இந்த மனுஷன் இப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது. வடைத் தட்டைக் கல்லாப்பெட்டி மேல் வைத்தேன்.

மாதையன் எழுந்துவிட்டார். "அப்ப அவளுக்கு..." என்றார். "நேத்தே உருவிட்டேனுங்களே. முடிச்சு கலைஞ்சுதே."

"இப்ப எங்க இருக்காங்க?"

"வெளிய. வண்டிலதான் ஒக்காந்திருக்கா. படி ஏற முடியல, மூச்சு வாங்குதுன்னு."

ஓடினேன். வேப்பமர நிழலில் மொபெட். ஆடிப் பதினெட்டுக்குப் புதுச் சேலை, தலை நிறையக் கதம்பம். என்னைப் பார்த்ததும் எழுந்துகொள்ளப் பார்த்தாள், முடியவில்லை. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிரித்தது.

"கால் எப்பிடிம்மா இருக்கு?" என்றேன்.

"இப்ப பரவால்லைங்க" என்றாள், மூச்சு விட்டு மூச்சு விட்டு. "நேத்து அவரு உருவி விட்டதுலேர்ந்து வலியே இல்லைங்க."